பேச்சியம்மாவுக்கு விழுந்த பரிசு

ஹட்டன் டவுனில் சூப்பர்மார்க்கெட் என்றால் ஒன்றுதான். மற்றதெல்லாம் கடை. அந்தச் சூப்பரின் மூன்றாம் கவுண்டரில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நிற்கிறவள் நாகலெட்சுமி. நிற்கிறவள் என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அங்கே கதிரை கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் பில் பிசகும் என்று கொழும்பிலே சுழல்கதிரையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார்.

கழிவறைச் சாவி சுபர்வைசரிடம் இருக்கும். யாரும் மறதியாய் வீட்டுக்குக் கொண்டு போய்விடக் கூடாதென்று சாவியோடு ஒரு அடி நீளக் கட்டையைக் கட்டியிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அரிசி, பருப்பு, ஷாம்பு எல்லாம் தாண்டி நடக்கும்போது, ஒருத்தி எங்கே போகிறாள் என்று கடை முழுக்கத் தெரியும். அதற்குக் கூச்சப்பட்டே நாகலெட்சுமி காலையில் தேத்தண்ணி குடிப்பதை விட்டுவிட்டாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், தேத்தண்ணி இல்லாமல் வேலைக்குப் போனாள்.

உடுப்பில் பொக்கெட் இருந்தது. ஆனால் வாயைத் தைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை உள்ளே இருப்பது தெரிகிற பையில்தான் கொண்டுவர வேண்டும். அவள் இன்றைக்கு ரொட்டியா சோறா என்பது பஸ்ஸில் வருகிற அத்தனை பேருக்கும் தெரியும்.

அவளுக்கு வயது இருபத்தெட்டு. டவுனிலிருந்து நாற்பது நிமிஷ பஸ் ஓட்டத்தில் உள்ள தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், பத்து ஒற்றையறை வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கிற லயத்தில் நாலாவது காம்பரா அவளுடையது. ஓ.எல். பரீட்சையில் கணக்கும் சிங்களமும் மட்டும் தேறினாள். சூப்பருக்கு வேண்டியிருந்ததும் அந்த இரண்டுதான். புருஷன் திலக்ஷன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். மகள் சுலக்ஷனாவுக்கு நாலு வயது.

கம்பனி அவளை ஆறு மாதம் ஆறு மாதமாக வாங்கியது. ஆறு மாதம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். மறுநாள் புதிதாய்ச் சேர்ந்தவள்போல வந்து கையெழுத்துப் போடச் சொல்வார்கள். இப்படி நாலு தடவை புதிதாய்ச் சேர்ந்துவிட்டாள். ஒப்பந்தக்காரிக்கு வேலை நேரம் நிலையில்லை. திங்கட்கிழமை ஒட்டுகிற டியூட்டிப் பட்டியல்தான் தலையெழுத்து. பெரும்பாலும் அவளுக்குப் பத்து மணியிலிருந்து இரவு ஏழு வரை விழும். நிரந்தரமாகிவிட்டால் காலை நேர வேலை கிடைக்கும். நாலு மணி பஸ்ஸில் ஏறலாம். இருட்டுவதற்கு முன்னால் மகளிடம் போகலாம். நாகலெட்சுமிக்கு நிரந்தரம் என்பது இவ்வளவுதான்.

அதுவரைக்கும் சுலக்ஷனாவைப் பார்த்துக்கொண்டது பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், வயது ஐம்பது. மலையிலிருந்து இறங்கியதும் நேரே தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் விட்டுவைக்கிற பிள்ளைக்காம்பராவுக்குப் போய், இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். வாய் மட்டும் சுத்தமில்லை. அவள் ஆட்டைத் திட்டினால் கோயில் பூசாரி காதைப் பொத்திக்கொள்வார். சொந்தம் ஒன்றும் இல்லாவிட்டாலும் நாகலெட்சுமி அவளை சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த வருஷம் கிளை மனேஜர் சுதாகரன் நாகலெட்சுமியைக் கூப்பிட்டு, "அறிக்கை நல்லா வந்தா இந்தத் தடவ ஒங்களுக்கு நிரந்தரம்" என்று சொல்லியிருந்தார். அறிக்கை என்றால் பூதத்தின் அறிக்கை. கம்பனி மூன்று மாதத்துக்கொரு தடவை ஒரு ஆளைச் சாமான் வாங்குகிற மாதிரி அனுப்பும். அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. வந்து, வாங்கி, சிரித்து, போய், கொழும்பில் உட்கார்ந்து எல்லாரையும் பற்றி எழுதிப் போடுவார். வேலை செய்கிறவர்கள் அந்த ஆளுக்கு வைத்த பேர்தான் பூதம்.

பூதம் எப்படி இருக்கும் என்று இரண்டாம் கவுண்டர் பிரேமினிக்கு ஒரு கணக்கு இருந்தது. கண்ணாடி போட்டிருக்கும். சப்பாத்து மினுங்கும். தேவையில்லாமல் போனைப் பார்க்கும். அந்த மாதம் ஹட்டனில் கண்ணாடி போட்டவர்களுக்கெல்லாம் சூப்பரில் ராஜமரியாதை கிடைத்தது. கண்ணாடி போட்ட ஒரு புரோக்கருக்கு பிரேமினி பையைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்துவிட்டு வந்தாள். அவர் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சியம்மா சூப்பருக்கு வந்தது அந்த மாதத்தில்தான். இருபதாம் தேதி, ஒரு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரிக்கு வந்தவள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கவே உள்ளே நுழைந்துவிட்டாள். கொழும்பு கார்மென்ட்ஸில் இருக்கிற மகள் வினோதா தீபாவளிக்கு வருகிறாள். அவளுக்குக் கஸ்டர்ட் என்றால் உயிர்.

வாசலில் கூடைகள் அடுக்கியிருந்தன. பேச்சியம்மா அவற்றைப் பார்த்தாள், நல்ல கூடை, விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனாள். லயத்துச் சனம் சாமான் வாங்குவது எப்படி? ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் சரி, தோட்டக் கடையிலும் சரி, பிடித்ததை எடுத்து அவரவர் பையில் போட்டுக்கொள்ளும். முடிந்ததும் முதலாளி முன்னால் பையைக் கவிழ்த்துக் காட்டும். அவர் பார்த்து விலை சொல்வார். பேச்சியம்மாவும் ஒரு கஸ்டர்ட் மா பெட்டி, ஒரு சவர்க்காரம், சுலக்ஷனாவுக்கு ஒரு நூடில்ஸ் பேக்கட், மூன்றையும் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரித் துண்டும் மருந்தும் மேலே கிடக்க, நேரே மூன்றாம் கவுண்டர் வரிசைக்கு வந்தாள்.

"லெச்சுமி!" என்றாள், வரிசையின் பின்னாலிருந்து. மலையில் அடுத்த நிரையில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற குரல் அது.

கவுண்டரில் நிற்கிறவள் தெரிந்தவர்களுக்கு பில் போடக் கூடாது. அது ஒரு சட்டம். சொந்தப் பையிலிருந்து சாமானை எடுத்து வைக்கிறவரைக் கண்டால், சாமானைத் தொடுவதற்கு முன்னால் மணி அடிக்க வேண்டும். அது இன்னொரு சட்டம். மணி கவுண்டருக்கு அடியில் இருக்கும். கையால் தேவையில்லை, முழங்காலால் தட்டினால் போதும். தலைக்கு மேலே மஞ்சள் லைட் எரியும், செக்கியூரிட்டி வருவார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பேச்சியம்மாவுக்குப் பின்னால் ஒருவர் நின்றார். கண்ணாடி. மினுங்குகிற சப்பாத்து. கையில் போன்.

பேச்சியம்மாவின் முறை வந்ததும், "ஆயுபோவன் மேடம்" என்று சிங்களத்தில் வணக்கம் சொன்னாள் நாகலெட்சுமி, யாரையோ பார்ப்பது போல.

பேச்சியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "யாருடி மேடம்? மூக்கு ஒழுகத் திரிஞ்சவளுக்குப் பவுசப் பாரு!" சிரித்துக்கொண்டே பையில் கையை விட்டு, கஸ்டர்ட் பெட்டியை எடுத்து வைத்தாள். சவர்க்காரத்தை எடுத்து வைத்தாள். "இந்தா, இது ஒம்மகளுக்கு" என்று நூடில்ஸையும் எடுத்து வைத்தாள்.

திருடுகிறவள் யாராவது இப்படி ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டுவாளா? நாகலெட்சுமிக்கு அது தெரியும். லயத்தில் பிறந்த கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். கண்ணாடிக்காரர் போனைப் பார்த்தார்.

முழங்கால் தட்டியது.

மஞ்சள் லைட் எரிந்தது. பேச்சியம்மா அண்ணாந்து பார்த்து, "இதென்னா, தேர்த் திருவிழாவா?" என்று கேட்டாள். அதற்குள் செக்கியூரிட்டி வந்துவிட்டார். கையைப் பிடிக்கவில்லை, மரியாதையாய்த்தான் "எண்ட அம்மே", வாங்க அம்மா என்று சிங்களத்தில் சொல்லிப் பின்பக்க அறைக்கு அழைத்துப் போனார். போகும்போது பேச்சியம்மா திரும்பிப் பார்த்தாள். நாகலெட்சுமி கண்ணாடிக்காரரின் தேங்காய்ப்பாலை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தாள். ஒரே பேக்கட்டை இரண்டு தடவை.

பின்பக்க அறையில் நடந்ததை பிரேமினி சொல்லித்தான் தெரியும். பையைக் கவிழ்த்தார்கள். மருந்து, ஆஸ்பத்திரித் துண்டு, வெற்றிலைப் பை. காசு கையில் இருந்ததால் பொலிசுக்குச் சொல்லவில்லை, சாமானுக்குப் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஒரு முறை இருக்கிறது. நம்பர் எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தார்கள். பிறகு பக்கத்துக் கதவால் வெளியே விட்டார்கள்.

அன்று இரவு நாகலெட்சுமி பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள். பேச்சியம்மா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் சுலக்ஷனா நூடில்ஸ் தின்றுகொண்டிருந்தாள். பேச்சியம்மா உள்ளே அடுப்பு ஊதினாள். "சித்தி" என்று கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. பிள்ளையின் செருப்பை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தினமும் அந்தப் பக்கமிருந்து "ஏய் லெச்சுமி, உப்பு இருக்கா", "ஏய் லெச்சுமி, ஒம்மக இருமுறா பாரு" என்று குரல் வரும். அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆனால் மறுநாளும் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள், சோறு ஊட்டினாள், செருப்பை வெளியே எடுத்து வைத்தாள்.

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. கடை திறக்கும் முன் எல்லாரையும் வரிசையாய் நிற்க வைத்து, தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரித்தான், சுதாகரன் வாசித்தார். அவரும் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ஆனால் கடைக்குள் சிங்களம்தான் பேசுவார்.

"மூன்றாம் கவுண்டர் ஊழியர், சந்தேகத்துக்குரிய நபர் தன்னிடம் நெருங்கிப் பழக முயன்றபோதும் அதற்கு இடம் கொடாமல், தயங்காது, புன்னகை மாறாது, முறைப்படி நடந்துகொண்டார்."

எல்லாரும் கை தட்டினார்கள். புன்னகை மாறாதாம். நாகலெட்சுமிக்குக் காது இரண்டும் எரிந்தன. பிரேமினி விலாவில் இடித்து, "அந்தக் கண்ணாடிதான்டி!" என்றாள். ஆனால் கண்ணாடி இல்லை. அந்தக் கண்ணாடிக்காரர் கண்டியிலிருந்து வந்து ஹட்டனில் புடவைக்கடை போட்டவர் என்று அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. பூதம் வேறு யாரோ. அன்றைக்கு அந்த வரிசையில் வேறு யார் நின்றார்கள் என்று நாகலெட்சுமி எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது.

நிரந்தரக் கடிதம் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி கிடைக்கும் என்றார்கள்.

போட்டோவைச் சாப்பாட்டு அறையில் ஒட்டியிருந்தார்கள். அங்கே ஒரு பலகை உண்டு; இந்த முகங்கள் திரும்ப வந்தால் கவனம் என்று. மேசைக்கு நேர் எதிரே. நாகலெட்சுமி இருபது நிமிஷம் சாப்பிட உட்கார்ந்தால், பேச்சியம்மா எதிரே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கும். முக்காடு கழன்று, தலைமுடி கலைந்து, வாய் கொஞ்சம் திறந்து. ஆட்டையும் பூசாரியையும் கதிகலங்க வைக்கிற அந்த வாய், படத்தில் ஒரு வார்த்தையும் இல்லாமல் திறந்திருந்தது.

மூன்று நாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். நாலாம் நாள் ஒரு புத்தி வந்தது. டியூட்டிப் பட்டியலை எடுத்து, போட்டோவுக்கு மேலே குத்திவிட்டாள். பெரிய வீரச்செயல். திங்கட்கிழமை பட்டியல் மாறும்போது முகம் மறுபடி வெளியே வருமே என்று, "நான் ஒட்டிர்றேன் மிஸ்" என்று அந்த வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நல்ல பிள்ளை என்று சுபர்வைசர் அதையும் பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. பீலியில் தண்ணீர் எடுக்கப் போனாள். அங்கே வேலாயியும் அந்தோனியம்மாவும் நின்றார்கள். இரண்டு பேரும் அதே லயம். வேலாயிக்கு நாக்கு நீளம், அந்தோனியம்மாவுக்குப் பொறுமை நீளம். கொஞ்சம் தள்ளி, கல்லில் பேச்சியம்மா துணி தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா லெச்சுமி," என்றாள் வேலாயி, "நம்ம பேச்சிக்குப் பரிசு எப்ப குடுப்பாங்க?"

நாகலெட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை.

"முழிக்கிறதப் பாரு. ஒங்க சூப்பர்ல குலுக்கல்ல விழுந்துச்சாமே! அன்னிக்கி நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன், பெரிய மனுஷியாட்டம் செக்கியூரிட்டிக்காரன் கூட்டியாந்து வழி அனுப்புறான். என்னாடின்னு கேட்டா, பரிசு விழுந்துச்சு, உள்ளுக்குக் கூப்பிட்டு டீ குடுத்துப் போட்டோ புடிச்சாங்கங்கிறா. இத்தன நாளா ஒத்த வார்த்த நீ சொல்லலயே!"

தோய்க்கிற சத்தம் நிற்கவில்லை. பேச்சியம்மா குனிந்த தலை நிமிரவுமில்லை. நாகலெட்சுமி அந்த முதுகைப் பார்த்தாள். வேலாயியின் நாக்கு முன்னால் மாட்டிக்கொண்டவள் அந்த நிமிஷத்தில் கைக்குக் கிடைத்த பொய்யை எடுத்து உடுத்திக்கொண்டிருக்கிறாள். அதை உருவிவிட முடியுமா?

"ஆமா அக்கா" என்றாள். "விழுந்துச்சு."

"போட்டோவ என்னா செஞ்சாங்க? பேப்பர்ல போடுவாங்களா?"

"இல்லக்கா. கடையிலதான். மாட்டியிருக்காங்க."

சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதுவரை சொன்னதெல்லாம் பொய். இது ஒன்றுதான் உண்மை. இந்த உண்மை பேச்சியம்மாவுக்குத் தெரியாது. துணி தோய்க்கிற சத்தம் நின்றது. ஈரச் சேலையைப் பிடித்தபடி இரண்டு கையும் கல்லின்மேல் அப்படியே கிடந்தன. தண்ணீர் மட்டும் பீலியிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"மாட்டியிருக்காங்களா!" வேலாயிக்குத் தலைகால் புரியவில்லை. "அடியே அந்தோனி, நம்ம லயத்து மூஞ்சி ஒண்ணு ஹட்டன் சூப்பர்ல தொங்குதாம்டி! பத்தாம் தேதி சம்பளம், சனிக்கிழம போறோம், பாக்குறோம்."

"நான் வரல" என்றாள் பேச்சியம்மா.

"பரிசு வாங்குனவ வராம? தூக்கிக்கிட்டாவது போவோம்."

அந்தச் சனிக்கிழமை வரும்வரை நாகலெட்சுமி ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. படம் கடைக்குள் இல்லை, சாப்பாட்டு அறையில்தான் இருக்கிறது, அவர்களால் பார்க்க முடியாது என்று ஒரு மனம் சொல்லும். வேலாயி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா, செக்கியூரிட்டியிடம் கேட்பாள், அவர் பலகையை நினைத்துச் சிரிப்பார், எல்லாம் நாறும் என்று இன்னொரு மனம் சொல்லும். பட்டியலுக்கு அடியிலிருந்து படத்தை உருவிவிடலாம்தான். மேலே கெமரா இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் சில நாள்தான். கடிதம் கைக்கு வந்த பிறகு வந்து தொலைத்திருக்கக் கூடாதா இந்தச் சனிக்கிழமை என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் அதையே நினைத்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று பேரும் தெரிந்தார்கள். நல்ல சேலை, தலைக்குப் பூ. மினுங்குகிற தரையைப் பார்த்து அந்தோனியம்மா செருப்பைக் கழற்றப் போக, வேலாயி அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மா நடுவில், இழுத்து வந்த ஆட்டைப் போல நின்றாள்.

நாகலெட்சுமி கவுண்டரை மூடாமல், சுபர்வைசரிடம் சொல்லாமல், நேரே மனேஜர் அறைக்குப் போனாள்.

"சேர், அந்தப் போட்டோவக் கழட்டணும்."

சுதாகரன் கதவைச் சாத்தினார். சாத்தியதும் அவருக்குத் தமிழ் வந்தது. "எந்தப் போட்டோ?"

"இருபதாந் தேதி எடுத்தது. அவங்க களவெடுக்கல சேர். லயத்து ஆளுங்க அப்பிடித்தான் வாங்குவாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்குத்தான் எங்க வீட்டு ஆளுங்கள இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்தார். "மணி அடிச்சவங்க, தப்பா அடிச்சேன்னு எழுதிக் குடுத்தா கழட்டலாம். ஆனா கொழும்புக்குப் போகும். நிரந்தரம் நிக்கும். மறுபடி ஆறு மாச ஒப்பந்தம். யோசிச்சுத்தான் கேக்கிறீங்களா?"

"யோசிச்சா கேக்க மாட்டேன் சேர்."

"முழங்கால் தெரியாமப் பட்டுருச்சுன்னு போடுங்க. மரியாதையா இருக்கும்."

அவள் பேனையை எடுத்தாள். "தமிழ்ல எழுதலாமா?"

"எழுதுங்க. அங்க யாரு வாசிக்கப் போறா."

யாரும் வாசிக்கப் போவதில்லை என்றதும் அவளுக்குத் தைரியம் வந்தது. காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: 'அவரை எனக்குத் தெரியும். எடுக்க மாட்டார் என்றும் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன்.' கையெழுத்துப் போட்டாள். சுதாகரன் தானே போய்ப் படத்தைக் கழற்றி வந்து, "கிழிச்சுப் போட்டுருங்க" என்று கையில் கொடுத்தார்.

கிழிக்கத்தான் நினைத்தாள். அறையை விட்டு வெளியே வந்தபோது மூன்று பேரும் மூன்றாம் கவுண்டர் பக்கத்தில் நின்று அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "கையில என்னாடி, இதானா?" என்று வேலாயி படத்தைப் பறித்துவிட்டாள்.

பார்த்தாள். அந்தோனியம்மா எட்டிப் பார்த்தாள்.

குலுக்கலில் பரிசு விழுந்தவளின் முகம் அப்படி இருக்காது. அந்த இரண்டு பேரும் பிள்ளை பெற்றவர்கள், சாவு பார்த்தவர்கள், கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கியவர்கள். அந்த முகம் என்ன முகம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வேலாயியின் நாக்கு ஜென்மத்தில் முதல் தடவையாக வாய்க்குள்ளேயே இருந்தது. பேச்சியம்மா யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் கோத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள்.

"நம்பரு போட்டிருக்காங்க பாரு அட்டையில" என்றாள் அந்தோனியம்மா மெதுவாக. "குலுக்கல் நம்பரு."

வேலாயி இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "நம்பரு நல்ல நம்பருதான்" என்றாள். "படம் புடிக்கிறதுக்கு மின்ன ஒரு சீப்பு குடுக்கக் கூடாது? என்னா கம்பனிக்காரனுங்களோ."

"பரிசு?" என்றாள் அந்தோனியம்மா, கேட்க வேண்டுமே என்று.

"பரிசெல்லாம் முடிஞ்சிருச்சாம்டி. இப்பத்தான் லெச்சுமி சொன்னா. வா, பஸ்ஸு போயிரும்."

நாகலெட்சுமி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. வேலாயி படத்தை நாலாக மடித்துப் பேச்சியம்மாவின் கோத்த கைக்குள் சொருகினாள். மூன்று பேரும் ஒன்றும் வாங்காமல் போனார்கள். கதவருகில் கூடைகள் அடுக்கியிருந்த இடத்தைத் தாண்டும்போது பேச்சியம்மா கொஞ்சம் ஒதுங்கி, எதிலும் சேலை படாமல் நடந்தாள்.

அன்று இரவு எட்டு மணிக்கு நாகலெட்சுமி பேச்சியம்மா வீட்டு வாசலுக்குப் போனாள். உள்ளே சுலக்ஷனா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மா சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சித்தி. மணி அடிச்சது நான்."

"ஒந்தலைக்கு மேலதானடி லைட்டு எரிஞ்சிச்சு. நான் என்னா குருடா?"

இருபத்துமூன்று நாளைக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. நாகலெட்சுமி வாசல்படியில் கால் வைக்கப் போனாள்.

"அங்கயே நில்லு."

நின்றாள்.

"அந்த ரூம்புல அவனுங்க கேட்டானுங்க," என்றாள் பேச்சியம்மா, சோற்றைப் பார்த்துக்கொண்டே. "இந்தக் கடையில ஒனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களான்னு. ஒம்பேரச் சொன்னா ஒன் வேலைக்கு என்னா ஆகுமோன்னு, ஒருத்தரும் இல்லன்னேன்." ஒரு உருண்டை உருட்டிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். "அப்ப, பொய் சொல்றோம்னு நெனச்சேன்."

நாகலெட்சுமி கேட்க வந்தது ஒன்று இருந்தது. கேட்கிற முகம்தான் இல்லை. இல்லாத முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு நிரந்தரம் கெடைக்கல சித்தி. இன்னும் ஆறு மாசம் இதே ஏழு மணிதான். புள்ளய…"

"புள்ள என்னாடி செஞ்சா? அவ வருவா. நீ வந்தா வாசல்லயே நின்னு கூப்பிடு."

"சரி சித்தி."

"என்னா சரி? கூப்பிடு."

"சுலக்ஷனா" என்று கூப்பிட்டாள் நாகலெட்சுமி.

"இன்னும் சாப்புடலம்மா" என்றாள் மகள், வாய் நிறையச் சோற்றோடு.

நாகலெட்சுமி வாசலிலேயே நின்றாள். உள்ளே பேச்சியம்மா அடுத்த உருண்டையை உருட்டினாள், அவசரமே இல்லாமல்.